வியர்வையில் தொடங்கும் மூட்டம்

பனிச்சறுக்கின் நடுவே காகிள்ஸில் ஆவி படிந்தால் பெரும்பாலானவர்கள் உடனே அதைக் கழற்றிக் கையுறையால் உட்புறத்தைத் துடைக்கிறார்கள். மறுபடியும் படிந்தால் ஆவி தடுக்கும் ஸ்பிரே வாங்குகிறார்கள், அல்லது விலை கூடிய வேறொரு காகிள்ஸுக்கு மாறுகிறார்கள். எல்லாப் பழியும் கண்ணாடி மேல்தான் விழுகிறது. ஆனால் அந்த ஈரம் கண்ணாடியில் பிறப்பதில்லை. முகத்திலும் மூச்சிலும் கழுத்துப்பட்டைக்குள் தேங்கும் வியர்வையிலும் பிறந்து மேலேறி வருகிறது. அங்கே தடுக்காமல் லென்ஸில் வந்து படிந்த பிறகு அதோடு போராடுவது, தோற்கப்போகும் இடத்தைத் தேடிப் போய் நிற்பதுதான்.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராமைக்கூடத் தாங்காது. மைனஸ் 10 டிகிரியில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். முகத்தை ஒட்டிய வெதுவெதுப்பான ஈரக் காற்று பனிக்குளிரில் கிடக்கும் லென்ஸைத் தொட்டால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பின் வெளிப்புறம் போல அதுவும் வியர்க்கத்தான் செய்யும். கலிபோர்னியாவைச் சேர்ந்த பல் சீரமைப்பு மருத்துவர் பாப் ஸ்மித் 1960களின் நடுவில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார். இரண்டு லென்ஸ்களை இடையில் காற்று அடைபடும்படி ஒட்டினால் உட்புற லென்ஸ் அத்தனை குளிராது. சட்டத்தின் துளைகளை நுரைப்பஞ்சால் மூடினால் பனித்தூள் தடுக்கப்படும், காற்று மட்டும் போய்வரும். இன்றைய காகிள்ஸ் பெரும்பாலும் இந்த வழியில்தான் இயங்குகின்றன. ஆனால் இந்த அமைப்பு நம்பியிருப்பது காற்றோட்டத்தை. சறுக்கிக்கொண்டிருக்கும்போது காற்று தானாக உள்ளே புகுந்து ஈரத்தை வாரிக்கொண்டு போகும். நின்றுவிட்டால் அந்த வேலையும் நின்றுவிடும்.

அதனால்தான் கற்றுக்குட்டிகளை இந்த மூட்டம் அதிகம் வாட்டுகிறது. விழுவதும் எழுவதும் பலகையைச் சுமந்து மேடேறுவதுமாக, அதிகம் உழைப்பவர்கள் அவர்கள்தான். மெதுவாகப் போகிறவர்களும் அடிக்கடி நிற்கிறவர்களும் அவர்கள்தான். வியர்வை கூடுதல், காற்றோட்டம் குறைவு. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ பனிச்சறுக்குக்காகக் குல்மர்க் போகிற ஒருவர் குளிருக்குப் பயந்து இருக்கிற ஸ்வெட்டரையெல்லாம் போட்டுக்கொண்டால் நிலைமை இன்னும் மோசமாகும். மப்ளரை மூக்குவரை ஏற்றி, அதன் விளிம்பை காகிள்ஸுக்கு அடியில் செருகிக்கொள்வது எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம். ஒவ்வொரு மூச்சும் நேராக லென்ஸுக்குப் போகும். கொரோனா காலத்தில் முகக்கவசத்தோடு மூக்குக்கண்ணாடியும் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மப்ளரை மூக்குக்குக் கீழே இறக்குவது, மேடேறும்போது ஜாக்கெட்டின் ஜிப்பைத் திறந்துவிடுவது, ஓர் அடுக்கு உடையைக் குறைப்பது, ஹெல்மெட்டின் விளிம்பு காகிள்ஸின் மேல்துளைகளை அடைக்காமல் பார்த்துக்கொள்வது ஆகியவை எந்த ஸ்பிரேயைவிடவும் பயன் தரும். இவற்றுக்குக் காசும் செலவில்லை.

ஆவி தடுக்க லென்ஸில் இருக்கும் உட்பூச்சே போதாதா என்று கேட்கலாம். அந்தப் பூச்சு நீரைத் தடுப்பதில்லை. சிறு துளிகளாகத் திரண்டு ஒளியைச் சிதறடிக்காதபடி, நீரை மெல்லிய படலமாகப் பரப்பிவிடுகிறது. அதன் கொள்ளளவுக்கு ஓர் எல்லை உண்டு. ஈரத்தில் பூச்சு இளகியும் இருக்கும். அப்போது கையுறையால் தேய்த்தால் உரிந்துபோகும், பிறகு அந்த இடத்தில்தான் முதலில் ஆவி படியும். உள்ளே நீர் தெரிந்தால் பெரும் பனித்துகள்களை உதறிவிட்டு, மென்துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும்.

ஈரத்தை அது பிறக்கும் இடத்திலேயே தடுக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் உள்ள வலுவான சான்று விண்வெளியிலிருந்து வருகிறது. 1966 ஜூன் 5 அன்று ஜெமினி 9ஏ விண்கலத்தை விட்டு வெளியே வந்த விண்வெளி வீரர் யூஜின் செர்னன், பிடிமானம் இல்லாமல் உழைத்து உழைத்து வியர்த்தார். வாயுவால் குளிரூட்டும் அவருடைய உடை அந்த ஈரத்தை வெளியேற்றத் திணறியது. தலைக்கவசக் கண்ணாடியை ஆவி மூடிக்கொள்ள, மூக்கு நுனியால் சிறு வட்டம் தேய்த்து அதன் வழியே பார்த்தார். அன்று செய்ய வேண்டிய முக்கியமான சோதனையையும் கைவிட நேர்ந்தது. பின்னர் நிலவில் நடந்தவர்கள் உடலையே குளிர்விக்க நீர்க்குழாய்கள் ஓடும் உள்ளாடை அணிந்தார்கள். கண்ணாடிக்கும் பூச்சு தேவைப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் பூச்சுக்கும் விலை உண்டு: 2001இல் கனடாவின் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் விண்நடையின்போது கண் எரிந்து பார்வை மங்கித் தவித்ததற்கு, கண்ணாடியில் தடவியிருந்த ஆவித்தடுப்புக் கரைசல் கண்ணில் பட்டதே காரணம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சறுக்கினால் போகிறது என்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். புதுப்பனி தன் மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது அந்தக் கதிர் சுமார் பத்து சதவீதம் வலுக்கும். கருவிழி வெந்துபோனது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும், கண்ணில் மணல் கொட்டியது போல. ஆர்க்டிக்கின் இனுயிட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் மெல்லிய கீறல் விட்டுச் செய்த கண்கவசத்தில் லென்ஸே கிடையாது, எனவே ஆவி படியவும் இடமில்லை. மிக அழகான தீர்வு அது. ஆனால் சரிவில் வேகமாக இறங்குகிறவருக்குக் காற்றையும் பனித்தூளையும் தடுக்க ஒரு தடுப்பு தேவை. நெற்றிக்கு ஏற்றினாலோ, வியர்த்த நெற்றியின் ஈரமெல்லாம் நுரைப்பஞ்சில் ஏறி, திரும்ப அணிந்ததும் லென்ஸுக்கு வந்துவிடும். சேர் லிஃப்டில் உட்கார்ந்திருக்கும்போதும் முகத்திலேயே இருக்கட்டும்.

லென்ஸ் தெளிவாக இருப்பது ஒருவருடைய சொந்த வசதியைப் பற்றிய விஷயம் மட்டும் அல்ல. பின்னால் வருகிறவர் முன்னால் இருப்பவருக்கு ஆபத்து நேராதபடி தன் பாதையைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது சர்வதேச பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் நடத்தை விதி. ஆவி மூடிய லென்ஸோடு இறங்குகிறவரால் அந்தக் கடமையைச் செய்ய முடியாது. ஓரமாக நின்று சரிசெய்துகொண்டு இறங்குவதுதான் முறை.

இரவில் நுரைப்பஞ்சு முற்றிலும் உலர வேண்டும், ஈரத்தோடு பையில் திணித்தால் மறுநாள் முதல் சரிவிலேயே ஆவி படியும். அதற்காக ஹீட்டர் மேல் வைத்துவிடக் கூடாது. அறைக் காற்றில் தொங்கவிட்டால் போதும். அதிக வெப்பத்தில் இரண்டு லென்ஸ்களையும் ஒட்டியுள்ள பசை விட்டுவிடும். அப்படி விட்டு இடைவெளிக்குள்ளேயே ஆவி புகுந்துவிட்டால் எந்தத் துணியும் அங்கே எட்டாது. லென்ஸையே மாற்ற வேண்டியதுதான்.