குடியேறும் முன் நடந்து பாருங்கள்

வேலையின் காரணமாகக் குடும்பங்கள் ஊர் மாறுவது நம் நாட்டில் புதிதன்று. பேராவிலிருந்தும் கெடாவிலிருந்தும் கிள்ளான் பள்ளத்தாக்கிற்குக் குடிபெயர்ந்தவர்கள் நம்மில் பலருடைய உறவினர் வட்டத்தில் உண்டு. புதிய ஊரில் வீடு தேடும் பெரியவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். வாடகை எவ்வளவு? அறைகள் எத்தனை? கார் நிறுத்த இடம் இருக்கிறதா? இவற்றோடு நான்காவது கேள்வி ஒன்றையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த வீட்டிலிருந்து எங்கெங்கு நடந்தே போக முடியும்?

இக்கேள்வி ஏன் முக்கியம்? ஒரு வீட்டைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் வாகனம் ஓட்டத் தெரிந்தவர். அந்த வீட்டில் பகல் பொழுதைக் கழிப்பவர்களோ பெரும்பாலும் வாகனம் ஓட்டாதவர்கள். மலேசியாவில் மோட்டார் சைக்கிள் உரிமம் பெற 16 வயதும், கார் உரிமம் பெற 17 வயதும் நிறைந்திருக்க வேண்டும். எனவே, இடைநிலைப்பள்ளி மாணவர்களில் பெரும்பாலோர் தாமே வாகனம் ஓட்டிச் செல்ல இயலாது. தாத்தா பாட்டியின் நிலையும் அதுவே. கடைக்கோ நூலகத்திற்கோ செல்ல, மாலையில் அப்பாவோ அம்மாவோ வீடு திரும்பும் வரை இவர்கள் காத்திருக்க வேண்டியுள்ளது. வீடு எவ்வளவு வசதியாக இருந்தாலும், அதை விட்டு வெளியே செல்ல முடியாதவருக்கு அது கூண்டாகிவிடும்.

நம் முன்னோர் வாழ்ந்த இரப்பர் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். அங்கு வறுமை இருந்தது. வீடுகளும் மிகச் சிறியவை. அந்த வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும், தமிழ்ப்பள்ளி, கோயில், மளிகைக் கடை, திடல் ஆகியவை லயத்து வீடுகளிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தன. மாலையில் பாட்டி தனியாகவே கோயிலுக்குச் சென்று, நான்கு பேரிடம் பேசிவிட்டு வருவார். பின்னர், தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் வந்தபோது, மக்கள் நகர்ப்புறங்களுக்கு இடம்பெயர்ந்தனர். பலருக்கு வருமானம் கூடியது, வீடும் பெரிதானது. ஆனால், கோயிலும் கடையும் நெடுஞ்சாலைக்கு அப்பால் போய்விட்டன. துணையின்றிச் சென்று வந்த பாட்டி, இன்று யாராவது அழைத்துச் செல்வார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நகரத்திற்கு வெளியே தள்ளியுள்ள வீடு மலிவானது என்று கூறுவோர் பலர். அது உண்மையா என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின்வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் எடுத்துக்கொண்டவை. தொலைவில் உள்ள வீட்டின் மாத வாடகை 900 ரிங்கிட். ஆனால், தாய் தந்தை இருவரும் வேலைக்குச் செல்ல இரண்டாவது கார் தேவைப்படுகிறது. அதன் தவணை 600 ரிங்கிட், பெட்ரோல் 250 ரிங்கிட், டோல் கட்டணம் 120 ரிங்கிட். மொத்தம் 1,870 ரிங்கிட். இரயில் நிலையத்திற்கு அருகில் உள்ள வீட்டின் வாடகை 1,300 ரிங்கிட். அங்கிருந்து ஒருவர் எல்.ஆர்.டி. அல்லது எம்.ஆர்.டி. இரயிலில் வேலைக்குச் செல்லலாம். மலேசியர்களுக்கான மை50 பயண அட்டையின் விலை மாதம் 50 ரிங்கிட். மொத்தம் 1,350 ரிங்கிட். வாடகை அதிகமாக இருந்தும், மாதம் 520 ரிங்கிட் மிச்சமாகிறது. ஓர் ஆண்டுக்கு அது 6,240 ரிங்கிட்! காரின் பழுதுபார்ப்புச் செலவையும் காப்புறுதியையும் நாம் இன்னும் சேர்க்கவே இல்லை. ஆகவே, வாடகையை மட்டும் பார்த்து ஒரு வீட்டை மலிவு என முடிவு செய்யக்கூடாது. வாடகையையும் போக்குவரத்துச் செலவையும் கூட்டிப் பார்த்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும்.

நடப்பதற்கு ஏற்ற இடம் எது? 400 மீட்டர் தூரத்தை ஏறத்தாழ ஐந்து நிமிடங்களில் நடந்து கடக்கலாம். சிங்கப்பூரில் எம்.ஆர்.டி. நிலையங்களிலிருந்து 400 மீட்டர் வரை கூரையிட்ட நடைபாதைகளை அமைத்திருக்கிறார்கள். வெயிலும் மழையும் மிகுந்த நம் வட்டாரத்தில் கூரையின் அருமை சொல்லாமலே விளங்கும். இது புதிய சிந்தனையும் அன்று. ராபிள்ஸ் 1822இல் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்திலேயே, கடைவீடுகளின் முன்னால் கூரையுள்ள நடைபாதை இருக்க வேண்டும் என்று குறிப்பிடப்பட்டது. ஐந்தடி என்னும் பொருளில் மலாய் மொழியில் 'காக்கி லீமா' என்று நாம் சொல்வது அந்த நடைபாதையைத்தான்.

வரைபடத்தில் அருகில் தெரியும் இடம் நடக்கவும் அருகில் இருக்கும் என்று நம்பிவிடக்கூடாது. நிலையம் 300 மீட்டர் தூரத்தில் இருக்கலாம். ஆனால், இடையே ஆறு வழி நெடுஞ்சாலை ஓடினால் என்ன செய்வது? நடைமேம்பாலத்தைத் தேடிச் சுற்றிப் போக வேண்டும். ஆகவே, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அந்தப் பகுதியில் மூன்று வேளைகளில் நடந்து பார்ப்பது நல்லது. வேலை நாள் காலையில் சாலையைக் கடக்க முடிகிறதா? மழை பெய்த மாலையில் நடைபாதையில் நீர் தேங்குகிறதா? இரவில் தெருவிளக்குகள் எரிகின்றனவா, மனித நடமாட்டம் இருக்கிறதா?

இதற்கு மறுப்பும் உண்டு. நிலையத்திற்கு அருகில் உள்ள வீடுகள் சிறியவை. ஏழெட்டுப் பேர் கொண்ட குடும்பத்திற்குப் போதாது என்பார்கள். சில இடங்களில் பராமரிப்புக் கட்டணமும் சேரும். வழிப்பறிக்கு அஞ்சி நடக்கத் தயங்குவோரும் இருக்கிறார்கள். இவை நியாயமான கவலைகள். இரவு வேலை செய்பவருக்கும், பொருள்களை ஏற்றிச் சென்று வணிகம் செய்பவருக்கும் வாகனம் இன்றியமையாதது. எனினும், நடக்க ஏற்ற வீடு என்றால் கோலாலம்பூரின் நடுவில்தான் கிடைக்கும் என்று எண்ண வேண்டியதில்லை. கிள்ளான், காஜாங், சிரம்பான் போன்ற பழைய நகரங்களில் சந்தை, மருந்தகம், உணவுக் கடைகள், வழிபாட்டுத் தலங்கள் ஆகியவை நெருங்கி அமைந்துள்ளன. மூன்று நகரங்களிலும் கொமுட்டர் இரயில் நிற்கிறது. புதிய அடுக்குமாடிகளை மட்டும் தேடுவோர் இத்தகைய பழைய தெருக்களையும் ஒருமுறை பார்க்கலாம். பாதுகாப்பைப் பொறுத்தவரை, மக்கள் நடமாடும் தெருவில் பார்க்கும் கண்களும் அதிகம் என்பதை மறக்கக்கூடாது.

மாணவர்களே, வீடு தேடுவது பெரியவர்களின் வேலை என்று ஒதுங்கிவிடாதீர்கள். உங்கள் குடும்பம் ஊர் மாற நேர்ந்தால், வீடு பார்க்க நீங்களும் உடன் செல்லுங்கள். பன்னிரண்டு வயதுத் தம்பி தனியாகப் போய் ரொட்டி வாங்கி வர முடியுமா? பாட்டி யாருடைய உதவியுமின்றி மருந்தகத்திற்குச் சென்று வர முடியுமா? இவ்விரு கேள்விகளுக்கும் 'முடியும்' என்ற பதில் கிடைக்கும் இடத்தில், வீட்டில் உள்ள அனைவரும் தம் விருப்பப்படி வெளியே சென்று வரலாம். அந்த உரிமையைப் பெறுவதற்காக ஓர் அறை குறைந்தாலும் தகும்.