முதிரும் பாலாடைக்கட்டி, வெளியேறும் உழவர்

டச்சுப் பாலாடைக்கட்டியில் இளையது 4 வாரங்களில் சந்தைக்கு வந்துவிடும். ‘பழையது’ என்று பெயர் பெறுவதற்கோ ஏறத்தாழ ஓராண்டு வேண்டும். 18 மாதங்களைக் கடந்ததற்குத் தனி மதிப்பு, தனி விலை. மரப்பலகையில் அடுக்கப்பட்ட சக்கர வடிவக் கட்டிகள் மெல்ல நீர் வற்றி இறுகுகின்றன. மஞ்சள் நிறம் பழுப்பாகிறது. வெட்டிய இடத்தில் வெண்ணிறப் படிகங்கள் தென்படுகின்றன. பலர் உப்பென்று கருதும் அவை, புரதம் சிதைந்து உருவான அமினோ அமிலமே. ஒரு கிலோ கட்டிக்குச் சுமார் 10 லிட்டர் பால் தேவை. ஆயினும் விலையைத் தீர்மானிப்பது பால் மட்டுமல்ல, காலமும்தான்.

‘மூலதனம்’ நூலின் இரண்டாம் தொகுதியில் மார்க்ஸ் உழைப்பு நேரத்தையும் உற்பத்தி நேரத்தையும் பிரித்துக் காட்டுகிறார். நிலவறையில் திராட்சை மது நொதிக்கும்போது உழைப்பாளியின் கை விலகியிருக்கிறது. மூலதனமோ அங்கேயே முடங்கிக் கிடக்கிறது. பாலாடைக்கட்டிக்கும் இது பொருந்தும். அவ்வப்போது புரட்டுவது, துடைப்பது தவிர அந்த 18 மாதங்களில் பெரிய வேலை இல்லை. அத்தனை காலம் பணத்தை முடக்கிவைக்க வல்லவரே முதிர்ந்த கட்டியின் விலையை அறுவடை செய்கிறார். தவறாமல் வங்கித் தவணை கட்டவேண்டிய பால் உற்பத்தியாளருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கறந்த பாலை அவர் உடனே ஆலைக்கு அனுப்பியாக வேண்டும்.

ஒரு காலத்தில் பாலாடைக்கட்டி பண்ணையிலேயே, பெரும்பாலும் உழவர் குடும்பத்துப் பெண்களின் கைகளால் உருவானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆலைகள் அந்த வேலையைப் பண்ணையிலிருந்து பெயர்த்தெடுத்தன. காய்ச்சாத பாலில் பண்ணையிலேயே செய்யப்படும் ‘பூரென்காஸ்’, அதாவது உழவர் பாலாடைக்கட்டி, 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்ப் பாதுகாப்பைப் பெற்றிருக்கிறது. ஆனால் ‘கௌடா’ என்ற வெறும் பெயரை உலகின் எந்த ஆலையும் தன் பொட்டலத்தில் அச்சிடலாம். அல்க்மார் நகரின் பழைய சந்தையில் வெள்ளுடை அணிந்த சுமைப்பணியாளர்கள் இன்றும் கட்டிகளைச் சுமந்து ஓடுகிறார்கள், சுற்றுலாப் பயணிகளின் கேமராக்களுக்காக. உண்மையான வணிகம் வேறிடத்தில் நடக்கிறது.

அந்த வணிகத்துக்கு இன்றைய வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் ஒரு சமூக ஜனநாயகவாதி என்பது இடதுசாரிகள் மறக்கக்கூடாத செய்தி. தொழிற்கட்சியைச் சேர்ந்த சிக்கோ மான்ஸ்ஹோல்ட், போருக்குப் பின் நெதர்லாந்தின் வேளாண் அமைச்சர். பின்னர் ஐரோப்பிய ஆணையத்தில் வேளாண்மைக்குப் பொறுப்பாளர். பண்ணைகள் பெரிதாகவேண்டும், சுமார் 50 லட்சம் பேர் வேளாண்மையை விட்டு வெளியேறவேண்டும் என்று 1968இல் அவர் திட்டம் வகுத்தார். 1971 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸ் தெருக்களில் உழவர்கள் கொதித்தெழுந்தனர், ஒருவர் உயிரிழந்தார். மறு ஆண்டே, பொருளாதார வளர்ச்சியை இலக்காகக் கொள்வதையே கைவிடவேண்டும் என்று ஆணையத் தலைவருக்கு மான்ஸ்ஹோல்ட் கடிதம் எழுதினார். காலம் கடந்த ஞானோதயம். இயந்திரம் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது.

அந்த ஆண்டுகளில் ஐரோப்பாவில் மலையாகக் குவிந்த உபரிப் பால்பவுடரிலும் வெண்ணெய் எண்ணெயிலும் ஒரு பகுதிதான் ஐ.நா. உலக உணவுத் திட்டத்தின் வழியாக நன்கொடையாக இந்தியாவுக்கு வந்தது. அதை விற்ற பணம் 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சிக்கு முதலாயிற்று. அன்று நன்கொடையாக வந்த உபரி வணிகச் சரக்காக வரும்போது இரண்டு மாடு வைத்திருப்பவர் தாங்கமாட்டார். அதனால்தான் நியூசிலாந்தின் பால்பொருள்களுக்குக் கதவு திறக்கும் ஆர்செப் ஒப்பந்தத்தை விவசாயச் சங்கங்கள் எதிர்த்தன. 2019 நவம்பரில் இந்தியா அதிலிருந்து விலகியது.

நெதர்லாந்தில் 2000ஆம் ஆண்டு ஏறத்தாழ 30,000 பால் பண்ணைகள் இருந்தன. 2020இல் மிஞ்சியவை சுமார் 16,000. 1984 முதல் உற்பத்திக்குக் கடிவாளமாக இருந்த ஐரோப்பியப் பால் ஒதுக்கீட்டு முறை 2015இல் நீக்கப்பட்டது. ‘இனி உலகச் சந்தை உங்களுடையது’ என்ற நம்பிக்கையில் உழவர்கள் கடன் வாங்கிக் கொட்டகைகளை விரிவாக்கினர். நாட்டின் பாஸ்பேட் வரம்பு மீறப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் மாடுகளைக் குறைக்க உத்தரவு வந்தது. கடன் மட்டும் குறையவில்லை.

அடுத்து நைட்ரஜன். சாணமும் மூத்திரமும் கலந்து எழும் அமோனியா புதர்வெளிகளிலும் சதுப்புகளிலும் படிந்து, அங்குள்ள அரிய தாவரங்களை அழிக்கிறது. அரசின் நைட்ரஜன் அனுமதித் திட்டம் இயற்கையைக் காக்கப் போதாது என்று 2019 மே 29 அன்று நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஜூனில் அரசு வெளியிட்ட வரைபடம் சில பகுதிகளில் 95 விழுக்காடு வரை குறைப்பு கோரியது. டிராக்டர்கள் நெடுஞ்சாலைகளை அடைத்தன.

சூழல் கேடு உண்மை. அதை மறுப்பது மோசடி. ஆனால் கடன் கொடுத்த வங்கியும், தென் அமெரிக்கச் சோயாவை இறக்கித் தீவனமாக விற்ற நிறுவனங்களும் அந்த வரைபடத்தில் இல்லை. அந்த வெற்றிடத்தில் நுழைந்தது உழவர்–குடிமக்கள் இயக்கம் என்ற வலதுசாரிக் கட்சி. வேளாண் வணிகத்துக்கு விளம்பரப்பணி செய்துவந்த நிறுவனத்தின் துணையோடு உருவான அக்கட்சி, 2023 மார்ச் மாகாணத் தேர்தலில் முதலிடம் பிடித்தது. உழவரின் கோபத்துக்குச் சரியான முகவரி தரத் தவறிய இடதுசாரிகளுக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

இயற்கை வழிப் பால் பண்ணை இதற்கு மாற்றாகப் பேசப்படுகிறது. செயற்கை உரம் இல்லை, மேய்ச்சல் உண்டு, ஹெக்டேருக்கு இடும் எருவில் 170 கிலோ நைட்ரஜன் என்ற உச்சவரம்பு உண்டு. வழக்கமான டச்சுப் பண்ணைகள் பல்லாண்டுகளாகச் சிறப்பு விலக்குப் பெற்று 250 கிலோ வரை இட்டுவந்தன. நிலத்தைத் தாங்கும் முறை எது என்பதில் ஐயமில்லை. இருந்தும் நாட்டின் விளைநிலத்தில் இதன் பங்கு 5 விழுக்காட்டுக்கும் குறைவு.

பிடிவாதமோ அறியாமையோ இதற்குக் காரணம் அல்ல. இரசாயனத்தை நிறுத்திய நிலம் சான்றிதழ் பெற 2 ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். அக்காலத்தில் விளைச்சல் குறையும், உயர்ந்த விலையும் கிடைக்காது. முதிர்ந்த கட்டிக்கு எழுந்த அதே கேள்வி மண்ணுக்கும் எழுகிறது: காத்திருக்கும் காலத்துக்கு யார் பணம் கொடுப்பது? அந்தச் சுமையை நுகர்வோரின் மனச்சாட்சியிடம் ஒப்படைப்பது, வசதி படைத்தோரின் அலமாரிக்கு நல்ல பாலையும் ஏனையோருக்கு மலிவுப் பாலையும் ஒதுக்குவதே ஆகும்.

2023இல் டச்சு அரசு கால்நடைப் பண்ணைகளை விலைக்கு வாங்கி மூடும் திட்டத்தைத் தொடங்கியது. தொழிலைவிட்டுப் போவோருக்குப் பணம் இருக்கிறது. மாடுகளைக் குறைத்து, கடனைத் தள்ளுபடி செய்து, மாற்றக் காலத்துக்கு உத்தரவாத விலை கொடுத்தால் அந்த உழவர்கள் தங்கள் நிலத்திலேயே தொடரலாம். அதற்கு, மூடுவிழாவுக்கு ஒதுக்கிய அளவில் நிதி ஒதுக்க எந்த அரசும் இதுவரை முன்வரவில்லை.