துபாஷியை நம்பி எத்தனை நாள்?

போன வாரம் ஒண்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சு போச்சு. பேசாம புது கம்ப்யூட்டர் வாங்காம, லினக்ஸ், வைன்னு ஏன் சார் மல்லுக்கட்டறீங்க?" என்றார். மழை பிடித்துக்கொண்டதால் அங்கே பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

என் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 அதில் இல்லை, அவ்வளவுதான். அதற்காகத் தூக்கிப்போட மனமில்லை. ஆனால் உண்மையான காரணம் வேறு.

1997-ல் புதுச்சேரியில் இருந்தபோது, அப்பா சொல்லச் சொல்ல அவருடைய நினைவுகளைத் தட்டச்சு செய்தேன். பிரெஞ்சுக்காரர் காலத்துத் தெருக்கள், 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறிய நாள் எல்லாம் அதில் உண்டு. நூற்று நாற்பது பக்கம். அடுத்த வருடம் அப்பா போய்விட்டார். அச்செடுத்த பிரதியை ஏற்காட்டு ஈரமும் கரையானும் தின்றுவிட்டன. மிஞ்சியது ஃபைல் மட்டும். அதை அடித்த தமிழ் மென்பொருள் விண்டோஸ் 3.1 காலத்தது, 16 பிட். தயாரித்த கம்பெனி இப்போது இல்லை. அதற்கென்று தனி எழுத்துக் குறியீடு. வேறு எதில் திறந்தாலும் கிறுக்கலாகத் தெரியும்.

பேரனின் புது லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். இயங்காது என்று சொல்லிவிட்டது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஏற்பதில்லை. என் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போட்டு, அதில் வைன் நிறுவினான். திறந்தது! விண்டோஸுக்காக எழுதியதை விண்டோஸே கைவிட்ட பிறகு, லினக்ஸ் திறந்து காட்டியது. அன்று சாயங்காலம் வரை நான் வேறு வேலை பார்க்கவில்லை.

வைன் என்றதும் எனக்கு வேறு ஞாபகம் வரும், பிரெஞ்சு வழியில் படித்தவன் இல்லையா! இது அந்த வைன் இல்லை. 1993-ல் தொடங்கிய இலவச மென்பொருள். 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் என்பவர் வழிநடத்துகிறார். பதினைந்து வருடம் உழைத்து 2008-ல்தான் 1.0 பதிப்பு என்று போட்டார்கள். விண்டோஸ் நிரல் "இந்த ஃபைலைத் திற", "இங்கே ஒரு கட்டம் வரை" என்று தன் பாஷையில் கேட்கும். வைன் அதை லினக்ஸின் பாஷையில் சொல்லிக் காரியத்தை முடித்துக் கொடுக்கும். அதாவது துபாஷி. கவர்னர் டூப்ளேவுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை செய்த வேலை. நானும் ஆபீசில் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களுக்கு இங்கிலீஷில் குறிப்பு எழுதியே காலம் தள்ளியவன். துபாஷியின் அருமை எனக்குத் தெரியும்.

தெரிந்ததால்தான் கோபமும் வருகிறது. டூப்ளே அந்நியர், அவருக்குத் துபாஷி தேவைப்பட்டது. சொந்த அரசாங்கத்தோடு பேச எனக்கு எதற்குத் துபாஷி? போன வருடம் ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. மேக்ரோ வைத்த எக்ஸெல் ஃபைல்; விண்டோஸில் மட்டுமே திறக்க வேண்டுமாம். அதிலிருந்த தமிழும் யூனிகோடு இல்லை. இன்னோர் இடத்தில் கைரேகைக் கருவிக்கு விண்டோஸ் டிரைவர் மட்டும்தான். அங்கே வைனும் கைவிரித்துவிட்டது. டிரைவர்களை ஓட்டுவது அதன் வேலை இல்லை.

உத்தரவுக்கா பஞ்சம்? சென்னை சி-டாக் 2007-லேயே பாஸ் லினக்ஸைக் கொடுத்தது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதே வருடம் மத்திய அரசு திறந்த தரநிலைகளுக்கென்று கொள்கை வெளியிட்டது. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று இங்கே சொன்னார்கள். உத்தரவுகளை ஃபைலில் கோத்தே வேலை பார்த்தவன் நான். அவை எந்த அலமாரியில் தூங்கும் என்று எனக்குத் தெரியும்.

பிரான்சின் ஜான்தார்மெரி காவல்படை என்ன செய்தது? 2005-ல் முதலில் ஓப்பன் ஆபீஸுக்கு மாறியது. 2008-லிருந்துதான் கம்ப்யூட்டர்களை உபுண்டுவுக்கு மாற்றத் தொடங்கியது. முதலில் ஆவணம், பிறகு இயந்திரம். ஆவணம் ஒரு கம்பெனியின் பூட்டுக்குள் இல்லையென்றால், இயந்திரத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நாம் தலைகீழாகச் செய்கிறோம். 2011-ல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. ஆனால் ஆபீசுகளின் படிவமும் எழுத்துருவும் பழையபடியே இருந்தால், பிள்ளைகள் எதைத் திறப்பார்கள்?

எல்லோரும் விண்டோஸை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆட்டோகேடில் பிளான் போடுகிறவருக்கு அதுதான் வசதி. நண்பருக்கும் அதுவே பழக்கம், இருக்கட்டும். நான் கேட்பது ஒன்றுதான்: அரசாங்கம் தருகிற ஃபைலும் வாங்குகிற ஃபைலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்க வேண்டும். புதுக் கம்ப்யூட்டர் வாங்க முடிகிறவருக்கு இது தொந்தரவாகத் தெரியாது. அதனாலேயே அவர் கேட்பதும் இல்லை.

அப்பாவின் பக்கங்களை வைன் சன்னலில் பார்த்து, தினம் இரண்டு பக்கமாக யூனிகோடில் மறுபடி அடிக்கிறேன். அறுபதாவது பக்கம் வந்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் பழைய ஃப்ளாப்பி, சிடி கிடக்கும். அதில் யாராவது பெரியவர்கள் எழுதியது இருந்தால், இந்த வாரமே திறந்து பாருங்கள். துபாஷி இருக்கும்போதே மாற்றி வைத்துவிடுங்கள்.