குடியம் கல்லை எடுக்காதீர்கள்!

விசித்திரப் பாறைகளுக்கு நடுவே நடக்க வேண்டும் என்றால் பலருக்கும் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன்தான் நினைவுக்கு வருகிறது. தேர்வாய் கண்டிகை இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டிக்கு அருகே குடியம் குகை இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

குடியம் கிராமத்திலிருந்து முள்காட்டு வழியாக நடந்தால், கூழாங்கற்களை மணலோடு குழைத்து இறுக்கியது போன்ற பாறைகள் வரும். பழங்காலத்து நீரோட்டம் உருட்டிச் சேர்த்த கற்கள் அவை. அத்தகைய கற்களை உடைத்துத்தான் ஆதி மனிதன் கைக்கோடரி செய்தான்.

அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் இத்தகைய கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கு கிடைத்தவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் அறிவித்தனர். எந்தக் கல் எந்த மண் அடுக்கில் கிடந்தது என்று தெரிந்ததால்தான் அந்தக் கணக்கே சாத்தியமானது. இடம் மாறிய கல்லுக்கு இந்தச் சாட்சி சொல்லத் தெரியாது.

"ஒரு கல்தானே" என்று நினைவுக்காகப் பையில் போடுகிறார்கள். போகிற எல்லோரும் அப்படியே நினைத்தால்? குகைக்குத் தார்ச்சாலை வேண்டாம்; கூடவே வந்து விளக்கிச் சொல்ல உள்ளூர் வழிகாட்டி ஒருவர் போதும். கருவிகளைப் பார்க்கப் பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது.

நடந்து போங்கள், பாருங்கள். வரும்போது பை காலியாக இருக்கட்டும்!