பிக்கப்பின் பின்பக்கம் இறங்குகிறதா? பட்டை சேர்க்கும் முன் எடை மேடைக்குப் போங்கள்

கேள்வி: நாங்கள் வியாசர்பாடியில் குடியிருக்கிறோம். பெரியபாளையம் பக்கம் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வெண்டை, கத்திரி போடுகிறோம். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது. அதன் பின்னால் இரண்டு சக்கர ட்ரெய்லர் மாட்டி, பவர் டில்லரை வாடகை உழவுக்கு எடுத்துப் போகலாம் என்று யோசனை. டில்லரை ஏற்றியதும் வண்டியின் பின்பக்கம் நன்றாக இறங்கிவிடுகிறது. கமான் பட்டை வேலை பார்ப்பவர் பக்கத்துக்கு இரண்டு பட்டை சேர்க்கச் சொல்கிறார். ரப்பர் போடு என்கிறார் ஒருவர், காற்றுப் பை போடு என்கிறார் இன்னொருவர். எது நல்லது?

- வாசகர், வியாசர்பாடி

பதில்: மூன்றில் எதையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் டில்லர் ட்ரெய்லரில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் ட்ரெய்லர்களைத் தினமும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ட்ரெய்லரின் முன்பாரம் இழுக்கும் வண்டியின் பின் அச்சுக்கு மேலேயே உட்காரும். உங்கள் பிக்கப்பில் கொக்கி இருப்பதோ பின் அச்சுக்கும் பின்னால், வண்டியின் வால் முனையில். அங்கே விழும் பாரம் கடப்பாறை போட்டு நெம்புவது மாதிரி வேலை செய்யும். பின்பக்கத்தை அழுத்தி, முன்பக்கத்தைத் தூக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ட்ரெய்லரும் டில்லரும் சேர்ந்து 800 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 80 கிலோ, கொக்கியில் விழுவது சரியான அளவு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 3 மீட்டர், கொக்கி பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருந்தால், அந்த 80 கிலோ பின் அச்சில் 112 கிலோவாக ஏறும். முன் சக்கரத்திலிருந்து 32 கிலோ குறையும். இதை வண்டி தாங்கும். டில்லரின் இன்ஜின் பக்கத்தை ட்ரெய்லரின் முன் விளிம்பில் நிறுத்திவிட்டால் கொக்கியில் 200 கிலோகூட விழலாம். பின் அச்சில் அது 280. ஸ்டியரிங் லேசாகிவிடும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். எனவே டில்லரை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். செலவே இல்லை. அதற்காக ஒரேயடியாகப் பின்னால் தள்ளிவிடவும் கூடாது. கொக்கியில் பாரமே இல்லாவிட்டால் ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். அது இதைவிட ஆபத்து.

அடுத்தது எடை மேடை. வழக்கமாக ஏற்றும் சரக்கோடு, ட்ரெய்லரையும் மாட்டிக்கொண்டு போங்கள். பிக்கப்பின் நான்கு சக்கரத்தையும் மேடையில் ஏற்றி ஒரு எடை, பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு எடை எடுங்கள். முதல் எடையை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். இரண்டாவதை டயரோடு ஒப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டில் 106/104 என்று போட்டிருந்தால், ஒற்றைச் சக்கரத்துக்கு முதல் எண்தான் கணக்கு. 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும், இரண்டும் சேர்ந்து 1,900.

எடை கூடுதலாக இருந்தால் பட்டை பேச்சே வேண்டாம், இரண்டு நடையாக ஓட்டுங்கள். எத்தனை பட்டை சேர்த்தாலும் அச்சும் பேரிங்கும் பிரேக்கும் பழையதுதான். ஆர்.சி.யில் உள்ள எண்ணும் மாறாது. மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. ட்ரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம்தான், அதற்கும் பதிவு வேண்டும். உங்கள் மாடலில் ட்ரெய்லர் இழுக்க கம்பெனி அனுமதிக்கிறதா என்று டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

எடை அளவுக்குள் இருந்தும் பின்பக்கம் இறங்கினால்தான் கமானைப் பார்க்க வேண்டும். காலியாக நிற்கும்போதே வண்டி தாழ்ந்திருந்தால் பட்டை களைத்துவிட்டது என்று அர்த்தம். கம்பெனி அளவிலேயே இரண்டு பக்கமும் புது செட் போடுங்கள். பழையதைத் தீயில் காய்ச்சி வளைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். முறையாகத் திரும்பப் பதம் ஏற்றாத பட்டை சில மாதத்தில் மறுபடி படுத்துவிடும்.

லாரி வேலையில் கை பழகியவர்கள் கனமான பட்டையை எடுத்து வைத்துவிடுவதும் உண்டு. 8 மி.மீ. கனத்தில் 5 பட்டை உள்ள கமானில் அதே கனத்தில் இரண்டு சேர்த்தால் விறைப்பு சுமார் 40 சதவிகிதம் கூடும். 10 மி.மீ. பட்டை இரண்டு சேர்த்தால் கிட்டத்தட்ட 80 சதவிகிதம்! கனம் கொஞ்சம் கூடினாலே விறைப்பு வெகுவாக ஏறும். காலியாகத் திரும்பும்போது வண்டி குதிக்கும், தக்காளிக் கூடை இருந்தால் பாதி சாறாகிவிடும்.

யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பல பிக்கப்புகளில் பின் அச்சையும் சேஸையும் இணைக்கும் ஒரு சின்னக் கம்பி இருக்கும். குனிந்து பார்த்தால் தெரியும். பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் அனுப்புவது என்று முடிவு செய்யும் வால்வின் கம்பி அது. எல்.எஸ்.பி.வி. என்பார்கள். விறைப்பான பட்டை போட்டு வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டால், முழு லோடு இருந்தாலும் அந்த வால்வு வண்டி காலி என்றே நினைக்கும், பின் பிரேக்கைக் குறைத்துவிடும். ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாமல், 800 கிலோ பின்னால் தள்ள, மூலக்கடை மேம்பாலத்தில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். கமானில் எந்த வேலை செய்தாலும் கம்பெனி சர்வீஸில் அந்த வால்வைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கம்பியைக் கழற்றிக் கட்டிவைக்க யாரையும் விடாதீர்கள்.

உங்களுக்கு என் தேர்வு, அச்சுக்கும் சேஸுக்கும் நடுவில் வைக்கும் ரப்பர்தான். அதுவும் உங்கள் மாடலுக்கென்றே வருவதை, டீலரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். பாதி நேரம் காலியாக ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். லோடு ஏறி இறங்கும்போதுதான் அது பாரத்தை வாங்கும். காற்றுப் பை நல்ல பொருள்தான், ஆனால் வாரம் தவறாமல் காற்று பார்க்க வேண்டும். வயல் சேற்றிலும் கல்லிலும் ஒரு பக்கம் கிழிந்தால் வண்டி சாய்ந்துவிடும். எப்போதும் ஒரே அளவு லோடு ஏற்றுபவர் என்றால், பழைய பட்டையின் கனத்திலேயே ஒரே ஒரு பட்டை சேர்க்கலாம். அப்போது யூ போல்ட்டைப் புதிதாக வாங்குங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் திரும்பப் போய் முறுக்கிக்கொள்ளுங்கள்.