மிகைநீரும் மிகைத்திறனும்

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் அதன் மிகைநீர் கலங்கல் வழியே கொரட்டூர் ஏரியைச் சென்றடையும். தம் தேவைக்குப் போக எஞ்சியதைக் கீழுள்ளோர்க்கு விடுதல் வேண்டும் என்னும் நெறியை ஏரிகளின் அமைப்பிலேயே பொறித்து வைத்தவர் நம் முன்னோர். இன்று அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் ஏரிகள் சுருங்கின, கணினிகள் பெருகின. இக்கணினிகளின் மிகைத்திறன் யாருக்குச் சென்று சேர்கிறது என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்கையில் கணினியின் ஆற்றலில் மிகச் சிறு பகுதியே செலவாகிறது. எஞ்சியது வாளா கிடக்கிறது. அதனை அறிவியலுக்கு ஈயும் முயற்சிகள் பல உண்டு. 1999ஆம் ஆண்டு மே மாதம் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தினர் 'செட்டி அட் ஹோம்' என்னும் திட்டத்தைத் தொடங்கினர். அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி விண்ணிலிருந்து பதிவு செய்த அலைகளைச் சிறு சிறு கூறுகளாக்கி, ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட அன்பர்களின் கணினிகளுக்கு அனுப்பி ஆராயச் செய்தனர். 2020 மார்ச்சில் அப்பணி நிறுத்தப்பட்டது. வேற்றுலக உயிர்களின் குரல் கிட்டவில்லை. ஆயினும், சிறு கணினிகள் கூடிப் பெரும்பணி ஆற்றலாம் என்னும் உண்மை கிட்டியது. 2000ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டில் தோன்றிய 'போல்டிங் அட் ஹோம்', புரதங்கள் மடியும் விதத்தைக் கணிக்கும் திட்டம். கொரோனாத் தொற்றுக் காலத்தில் பல இலட்சம் பேர் அதில் இணைந்து, அக்கிருமியின் புரதங்களை ஆராயத் துணை நின்றனர்.

நமக்கு நெருக்கமான சான்று காசநோய். 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆய்வு மையம், மருத்துவமனையில் தங்காமல் வீட்டிலிருந்தே மருந்துண்ணும் நோயாளியும் அதே அளவு நலம் பெறுவார் என்பதை 1959இல் உலகிற்கு மெய்ப்பித்தது. அம்மையமே இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. வீட்டிலேயே மருத்துவம் நிகழலாம் என்று உலகிற்கு உரைத்த ஊர் நம் ஊர். வீட்டிலேயே ஆராய்ச்சியும் நிகழலாம் என்பதை 2016இல் நாட்டிங்காம் பல்கலைக்கழக அறிஞர்கள் காட்டினர். காசநோய்க் கிருமியின் மேலுறையில் உள்ள மைக்காலிக் அமிலங்களை ஆராய, 'வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்' என்னும் அமைப்பின் வழியே பொதுமக்களின் கணினிகளை அவர்கள் நாடினர்.

எனினும் ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. ஏரியின் மிகைநீர் வானம் தந்த கொடை. கணினியின் மிகைத்திறனுக்கோ மின்கட்டணம் உண்டு. முழுவீச்சில் இயங்குகையில் ஒரு கணினி கூடுதலாக 100 வாட் மின்சாரம் கொள்ளுமாயின், நாள்தோறும் 10 மணி நேரத்திற்கு 1 யூனிட். இரு மாதக் கணக்கில் 60 யூனிட். நடுத்தரக் குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று. ஆதலின் மாணவர்கள் முதலில் கட்டணம் செலுத்தும் தந்தையாரின் இசைவைப் பெறட்டும். இந்நிரல்களில் நேரத்தையும் வேகத்தையும் நாமே வரையறுக்கலாம். இரவில் இரண்டு மணி நேரம் ஈந்தாலும் ஈகையே.

மற்றொன்று, பிறர் பொருளை ஈதல் ஈகையாகாது. கல்லூரிக் கணினி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரியின் பணியாளர், உரிய இசைவின்றிக் கல்லூரிக் கணினிகளில் இத்தகைய நிரலை நிறுவியதால் வழக்கைச் சந்தித்தார்; 2002இல் தண்டத்தொகையும் நன்னடத்தைக் கண்காணிப்பும் ஏற்றே மீண்டார். நோக்கம் நன்றாயினும் வழியும் நன்றாதல் வேண்டும்.

ஆகவே கல்லூரி நிர்வாகத்தினருக்கும் சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கூடக் கணினிகளில் சிலவற்றை வகுப்பு இல்லாத நேரங்களில், நம்பகமான ஒரு மருத்துவ ஆய்வுத் திட்டத்திற்கு முறைப்படி வழங்கலாமா என்று கூடி முடிவு செய்யுங்கள். மின்செலவைக் கணக்கிடும் பொறுப்பை மாணவர்களிடமே ஒப்படையுங்கள். கணக்கும் கருணையும் ஒருங்கே கற்பர்.

வள்ளுவர் 'ஈகை' அதிகாரத்திற்கு முன்பாக 'ஒப்புரவறிதல்' என்னும் அதிகாரத்தை அமைத்தார். வறியோர்க்குக் கொடுப்பது ஈகை; ஊரோடு ஒத்து வாழ்ந்து உதவுவது ஒப்புரவு. முகமறியாத நோயாளிக்காக நம் மேசையில் ஒரு கணினி இரவில் உழைப்பதும் ஒப்புரவே. நிரம்பிய ஏரிக்குக் கலங்கல் அழகு. கற்ற சமுதாயத்திற்கும் அதுவே அழகு.