களம் கோணலானால் கபடியும் கோணல்

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைக்குப் போனவர்கள் சந்திரமௌலீஸ்வரர் கோயிலில் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். ராஜகோபுரம், கொடிமரம், நந்தி, மூலவர் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்காது. ஒன்றுக்கொன்று சற்று விலகியிருக்கும். வக்கிரகாளி குடிகொண்ட தலம் அல்லவா, இதையும் ஊரின் சிறப்பாகவே பக்தர்கள் சொல்கிறார்கள்.

கோயிலில் அது சிறப்பு. ஆனால், பிள்ளைகள் விளையாடும் களத்தில் கோடு விலகினால் புள்ளி போய்விடும்.

பல ஊர்களில் கபடிக் களத்தைக் காலடியால் அளந்துதான் போடுகிறார்கள். கண் மதிப்பில் சுண்ணாம்புக் கோடு இழுத்ததும் ஆட்டம் ஆரம்பித்துவிடும். உண்மையில் இதற்குத் துல்லியமான அளவுகள் உண்டு. ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். இருபுறமும் உள்ள தலா 1 மீட்டர் லாபியும் இந்த அகலத்தில் அடக்கம்.

நடுக்கோட்டிலிருந்து பால்க் லைன் ஆண்களுக்கு 3.75 மீட்டர், பெண்களுக்கு 3 மீட்டர். அதற்கு அப்பால் 1 மீட்டரில் போனஸ் லைன். பாடிச் செல்பவர் யாரையும் தொடாமல், பால்க் லைனையும் தாண்டாமல் திரும்பினால் அவுட். அப்படியென்றால் இந்தக் கோடு ஒரு சாண் தள்ளிப்போனாலே தீர்ப்பு மாறிவிடும்.

நீளம், அகலம் இரண்டும் சரியாக இருந்தால் போதுமா? போதாது. பழைய கயிற்றுக் கட்டிலை நினைத்துப் பாருங்கள். சட்டங்களின் நீளம் மாறியிருக்காது. ஆனால் மூலைகள் தளர்ந்து கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். களமும் அப்படித்தான். நான்கு பக்கமும் சரியாக இருந்தும் மூலை கோணலாகிவிடலாம்.

இதைப் பிடிக்கக் கொத்தனார்களிடம் ஒரு வழி இருக்கிறது. மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறி வைப்பார்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே குறுக்கே 5 அடி வந்தால் மூலை மட்டம் சரி. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான் இது.

அமெரிக்காவின் பேஸ்பால் மைதானத்துக்கும் இதே கணக்குதான். அங்கே ஆட்டத்தின் நடுப்பகுதி 90 அடிச் சதுரம். அதன் நான்கு மூலைகளைக் குறிக்க, விதிப்புத்தகமே முதலில் குறுக்களவைத்தான் எடுக்கச் சொல்கிறது. ஹோம் பேஸிலிருந்து இரண்டாவது பேஸுக்கு 127 அடி 3 அங்குலத்துக்குச் சற்று அதிகம். பிறகு, அந்த இரண்டு இடங்களிலிருந்தும் 90 அடி வளைவு போட்டால், வளைவுகள் வெட்டும் இடங்களில் மற்ற இரண்டு மூலைகளும் கிடைத்துவிடும்.

கபடிக் களத்துக்கும் அப்படியே செய்யலாம். 13 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகளை அடியுங்கள். ஒரு முளையிலிருந்து 10 மீட்டர், மற்றதிலிருந்து 16 மீட்டர் 40 சென்டிமீட்டர். இரண்டு அளவும் சந்திக்கும் இடம் மூன்றாவது மூலை. நான்காவதும் இதே போல. கடைசியில் இரண்டு குறுக்களவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சமமாக இருந்தால் களம் நேர். பெண்கள் களத்துக்குக் குறுக்களவு 14 மீட்டர் 42 சென்டிமீட்டர். கயிறு இழுபடும் என்பதால் டேப் வைத்து அளப்பதே நல்லது.

இதற்கா இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று தோன்றலாம். தினமும் ஆடும் களத்தின் தூரம் பிள்ளைகளின் காலில் பதிந்துவிடும். எத்தனையாவது அடியில் கோடு வரும் என்று பார்க்காமலே கால் சொல்லும். ஆண்களுக்குப் போட்ட களத்திலேயே பழகும் பெண் பிள்ளைக்கு, போட்டிக் களத்தில் பால்க் லைன் 75 சென்டிமீட்டர் முன்னாலேயே வந்துவிடும். அவளைத் தடுக்கக் காத்திருப்பவர்களும் அவள் நினைத்ததைவிட அருகில் நிற்பார்கள். பழகியதெல்லாம் அங்கே குழப்பமாகிவிடும்.

ஆசிய விளையாட்டில் 2010-ல்தான் பெண்கள் கபடி சேர்க்கப்பட்டது. அந்த முதல் வருடமே இந்தியா தங்கம் வென்றது. அந்தக் கனவோடு மண்ணில் ஆடும் பிள்ளைகள் எத்தனையோ ஊர்களில் இருக்கிறார்கள். ஒரு டேப், நான்கு முளைகள், கொஞ்சம் சுண்ணாம்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியவர்கள் இதைக் கொடுத்தால், பிள்ளைகள் சரியான களத்தில் பழகுவார்கள்.